கைவிடப்பட்ட நாய், பூனைக்கு நல்ல வீடு தேடுவது எப்படி: சேலம், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு

யாரோ வளர்த்துவிட்டு விட்டுப்போன ஒரு நாயோ பூனையோ இப்போது உங்கள் வாசலில் இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படி நிற்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு முதன்முதலில் ஒரு லாப்ரடார் இப்படி வந்து சேர்ந்தபோது ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் "யாராவது தொண்டு நிறுவனம் இருந்தா பாருங்க" என்றார்கள், தொண்டு நிறுவனத்துக்குப் போன் போட்டால் இடமில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, காப்பகங்கள் எல்லாமே நிரம்பி வழிகின்றன. ஆகவே பெரும்பாலும் அந்தப் பிராணிக்கு நீங்கள்தான் கதி. அதன்பிறகு பல நாய்களும் பூனைகளும் என் கை வழியாக நல்ல வீடுகளுக்குப் போயிருக்கின்றன, அதில் கற்றுக்கொண்டதுதான் இது.

எல்லாம் நல்லபடியாக நடந்தாலே ஆறு வாரம் ஆகும். வயதான நாய், நோயில் கிடந்த நாய் என்றால் மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். இரண்டே நாளில் "யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம்" என்ற மனநிலை வரும், வரத்தான் செய்யும். அந்த அவசரத்தில் கொடுத்த நாய் மறுபடி ரோட்டுக்கே வந்துவிடும், வராவிட்டால் ஏதோ ஒரு தூணில் ஆயுசுக்கும் கட்டிக் கிடக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொலைந்ததா, விடப்பட்டதா, அந்தத் தெருவுக்கே சொந்தமா

தெருவில் நிற்கிற நாயெல்லாம் கைவிடப்பட்ட நாய் இல்லை. அந்தத் தெருவிலேயே பிறந்து, நாலு வீட்டில் சோறு வாங்கித் தின்று வாழ்கிற நாயை நல்லது செய்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போய் வேறு ஏரியாவில் விடக் கூடாது. 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடத்தான் சொல்கின்றன. புது இடத்தில் அங்கிருக்கும் நாய்கள் அதைக் குதறிவிடும்.

வீட்டு நாய்க்குச் சில அடையாளங்கள் உண்டு. கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து வளையம் போல் தடம் இருக்கும். நகம் நீளமாக இருக்கும், ஏனென்றால் தார் ரோட்டில் நடந்து தேய்ந்திருக்காது. வண்டிக்கு ஒதுங்கத் தெரியாமல் நடுரோட்டில் நிற்கும். ஏற்காடு அடிவாரத்தில் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு நாய், மலையேறுகிற ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் எழுந்து நின்று, கார் நிற்காமல் போனதும் திரும்ப வந்து அதே இடத்தில் உட்காருகிறது என்றால், அதை யாரோ வெள்ளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மலையில் விட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று நினைத்துச் சேலத்திலிருந்து கொண்டுபோய்க் கொண்டை ஊசி வளைவில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிழைக்காது. வேளாவேளைக்குச் சோறு தின்று பழகிய நாய்க்கு வேட்டையாடத் தெரியாது. காபித் தோட்டத்தில் உண்ணியும் அட்டையும் உண்டு, காட்டெருமை உண்டு, இரவில் குளிர் உண்டு. இப்படி யோசிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

தீபாவளி சமயத்திலும் ஆடிப் பண்டிகையின்போதும் கிடைக்கிற நாய் பெரும்பாலும் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்ததாகத்தான் இருக்கும். அதன் வீட்டார் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

2. ஓனரைத் தேடுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

ஒரு வாரம் பத்து நாளாவது தேட வேண்டும். கிடைத்த இடத்தைச் சுற்றியிருக்கும் மளிகைக் கடை, டீக்கடை, பால்காரர், ஆட்டோ ஸ்டாண்டு என்று போட்டோவைக் காட்டிக் கேளுங்கள். ஏற்காட்டில் என்றால் எஸ்டேட் வாட்ச்மேன்களுக்குத் தெரியாத நாயே இருக்காது. ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடும்போது ஒரு அடையாளத்தை மட்டும் மறைத்துவிடுங்கள், அடிவயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு, வாலில் ஒரு வளைவு, இந்த மாதிரி. "என் நாய்தான்" என்று வருகிறவரிடம் அதைக் கேளுங்கள். ஜாதி நாய் என்றால் சொந்தம் கொண்டாடிச் சும்மா வருகிறவர்களும் உண்டு. தோலுக்கு அடியில் மைக்ரோசிப் (அடையாள எண் பதிந்த சின்னச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்திருக்கும் கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள், 15 இலக்க எண் வந்தால் வேலை சுலபம்.

பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணில் வளர்ப்புப் பிராணி என்பது உடைமை. நாளைக்கு யாராவது வந்து "திருடிட்டாங்க" என்று நின்றால் உங்கள் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.

ஓனர் கிடைத்து, "எங்களால் வைத்துக்கொள்ள முடியாது" என்று சொன்னால், அங்கே சண்டை போடாதீர்கள். கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. வெள்ளைத்தாளில் பிராணியின் விவரம், தேதி, "முழுச் சம்மதத்துடன் ஒப்படைக்கிறேன், இனி உரிமை கோர மாட்டேன்" என்ற வரி, கையெழுத்து, போன் நம்பர். ஓனர் வெளிநாட்டில் இருந்தால் வாட்ஸ்அப்பில் அதையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிவிடுங்கள், அது இருந்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். வயது, என்ன சாப்பிடும், யாரையாவது கடித்திருக்கிறதா, ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓனர் இருக்கிறார், நாயைத் தரவும் மாட்டேன் என்கிறார், கவனிக்கவும் இல்லை என்றால் அதுதான் கஷ்டமான கட்டம். நான் சொன்ன லாப்ரடார் அப்படித்தான், ஏற்காட்டில் ஒரு வாடகை பங்களாவின் பின்பக்கம் கட்டிக் கிடந்தது. குட்டியாக இருந்தபோது கழுத்தில் கட்டிய நைலான் கயிற்றை யாரும் தளர்த்தவே இல்லை. கயிறு தோலுக்குள் இறங்கி, மேலே முடி வளர்ந்து மூடிவிட்டது. வெளியே தெரிந்தது முடிச்சு மட்டும்தான், கிட்டே போனால் சீழ் வாடை. டாக்டர் மயக்க ஊசி போட்டுத்தான் கயிற்றை வெட்டி எடுத்தார்.

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் எல்லாமே குற்றம்தான்: போதுமான உணவு, தண்ணீர் தராமல் வைப்பது, குட்டைச் சங்கிலியில் மணிக்கணக்கில் கட்டிப்போடுவது, பசியால் வாடும்படி கைவிட்டுவிட்டுப் போவது. ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். விஷம் வைத்துக் கொல்வது, கை கால் ஊனமாக்குவது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு வரும், அதில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. போலீசில் மனு கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். போட்டோ, தேதியோடு கொடுங்கள். சுவரேறிக் குதித்து நாயை அவிழ்த்துக்கொண்டு வரும் வேலை மட்டும் வேண்டாம், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். என் அனுபவத்தில் பக்குவமாகப் பேசினால் பாதிப் பேர் "தொல்லை விட்டது" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

3. தொடுவதற்கு முன்னால் உங்கள் உடம்பு

கடியோ நகக்கீறலோ பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். பிறகு நேராக அரசு மருத்துவமனை. வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம், முதல் நாள் போட்டதிலிருந்து 3, 7, 28-ஆவது நாட்களில் அடுத்தடுத்த ஊசி. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்பு மருந்து) போடுவதும் அவசியம், அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். "குட்டிதானே, வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடக் கூடாது, வெறிநோய் வந்தபின் மருந்து கிடையாது. கடித்த பிராணியைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள்.

இதைத் தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், 0, 7, அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள்.

4. முதல் இரண்டு வாரம் தனி இடம்

வீட்டில் ஏற்கெனவே நாய், பூனை இருந்தால் இது கட்டாயம். நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் ஒரு வாரம் வரை எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும், சில சமயம் இரண்டு வாரம்கூட. குட்டி துள்ளிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒருநாள் வாந்தி, ரத்தப்பேதி. பினாயில் ஊற்றிக் கழுவினால் பார்வோ சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். அதோடு பினாயில் வகை மருந்துகள் பூனைக்கு விஷம், பூனை இருக்கும் அறையில் அதைத் தொடவே வேண்டாம். மண்தரையில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் பார்வோ வந்த இடத்துக்கு ஊசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

மாடியில் நிழல் உள்ள மூலை, காலியான கார் ஷெட், குளியலறை என்று எது கிடைத்தாலும் சரி. சேலத்தில் சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும்போது தகர ஷெட்டில் மட்டும் அடைக்காதீர்கள். பக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் அந்தச் சூட்டில் மூச்சுவிட முடியாமல் செத்தே போகும்.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போடக் கூடாது. குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் கொஞ்சமாக, நாளைக்கு நாலைந்து வேளை. சமைத்த கோழி எலும்பு வேண்டாம், அது சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூனைக்குட்டிக்குப் பசும்பால் பேதியை உண்டாக்கும், பெட் ஷாப்பில் பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை போதும் அது உயிரை விட. சொறி பிடித்த நாய்க்கு வண்டியிலிருந்து எடுத்த பழைய ஆயிலைத் தடவுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும், கல்லீரல் கெடும். சொறிக்கு இப்போது நல்ல மாத்திரைகளும் ஊசியும் இருக்கின்றன, டாக்டர் எடை பார்த்துக் கொடுப்பார்.

டாக்டரிடம் முதல் தடவை போகும்போது கேட்க வேண்டியவை: உடல் எடை, வயது மதிப்பீடு, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து, மூன்று மாதம் தாண்டியிருந்தால் வெறிநோய் ஊசி. உண்ணி நிறைய இருந்து, ஈறு வெளுத்து, சாப்பாட்டை ஒதுக்கினால் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். டிக் ஃபீவர் என்கிற உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிடும், அது தெரியாமல் ஆபரேஷனுக்குப் போனால் ரத்தம் நிற்காது. ஏற்காட்டு எஸ்டேட் நாய்களுக்கு இதை நான் கேட்காமலேயே எடுத்துவிடுகிறேன். மாத்திரை நான்கு வாரம் வரை போகும், நாய் இரண்டாம் நாளே எழுந்து ஓடினாலும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

குட்டிகளுக்கு 'நைன் இன் ஒன்' போன்ற கூட்டு ஊசி ஆறு முதல் எட்டு வார வயதில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை போக வேண்டும். ஒரே ஊசி போட்டுவிட்டு "வேக்சின் ஆச்சு" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், அடுத்த மாதம் குட்டி பார்வோவில் போய்விடுகிறது.

5. எவ்வளவு ஆகும், எங்கே குறைக்கலாம்

தனியார் கிளினிக்கில் தோராயமாக இப்படி வரும்: வெறிநோய் ஊசி 200 முதல் 500 ரூபாய், கூட்டு ஊசி ஒன்றுக்கு 600 முதல் 1,000, ரத்தப் பரிசோதனை 500-க்கு மேல், ஆண் நாய்க்குக் கருத்தடை 3,500 முதல் 6,000, பெட்டைக்கு 5,000 முதல் 9,000. கிளினிக்கைப் பொறுத்தும் எடையைப் பொறுத்தும் மாறும். கொண்டுபோய் விட நாய் ஹாஸ்டல் பார்த்தால் நாளுக்கு 300 முதல் 600 ரூபாய், ஒரு மாதம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே தெரிந்தவர் வீட்டில் ஒரு மாதத்துக்கு இடம் கேட்பதுதான் முதல் வேலை. சாப்பாட்டுச் செலவும் மருத்துவச் செலவும் என்னுடையது, இடம் மட்டும் உங்களுடையது என்று தெளிவாகச் சொன்னால் ஆள் கிடைக்கிறது.

அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு மிகவும் குறைவு, ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும். பெரிய பிரச்சினை, எலும்பு முறிவு மாதிரி என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆத்தூர் பக்கத்துக்காரர்களுக்குத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தில். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962-ஐ அழைக்கலாம். அது முக்கியமாக ஆடு மாடுகளுக்கென்று வந்தது, இருந்தாலும் நிலைமையைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஜூலை 6, செப்டம்பர் 28 இந்த இரண்டு தேதிகளையொட்டி அரசு மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவச வெறிநோய் ஊசி முகாம் நடத்துவார்கள், நேரம் ஒத்துவந்தால் விடாதீர்கள்.

பண உதவி கேட்பதாக இருந்தால் பில்லை அன்றன்றைக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பில் இல்லாமல் ஜிபே நம்பரை மட்டும் போட்டு வசூலிக்கிறவர்கள் இருப்பதால் நல்லவர்களுக்கும் கெட்ட பெயர்.

6. கருத்தடை முடியாமல் கொடுக்காதீர்கள்

இதை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். "ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பண்ணிக்கிறோம்" என்று சொல்கிறவர் பண்ண மாட்டார். ஜாதிப் பெட்டை என்றால் குட்டி போட்டு விற்கவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பருவத்துக்குப் பருவம் ஈன்று, மடி தொங்கிப்போனதும் அதை மறுபடி ரோட்டில் விடுவார்கள். ஆபரேஷன் முடிந்த நாய் என்று சொன்ன மாத்திரத்தில் இவர்கள் போனை வைத்துவிடுவார்கள், உங்களுக்கும் வேலை மிச்சம்.

சுமார் ஆறு மாத வயதில் செய்யலாம். உடம்பு தேறிய பிறகு, ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு. முந்தின இரவு சாப்பாடு நிறுத்துவது பற்றி டாக்டர் சொல்வார். அதன்பின் 10 முதல் 14 நாள் தையலை நக்காமல் கழுத்தில் கூம்பு போட்டு வைக்க வேண்டும். பெண் பூனை நாலு மாதத்திலேயே சினையாகிவிடும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ரொம்பச் சின்னக் குட்டியாக இருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆபரேஷன் செலவை நீங்களே கட்டுவதாகச் சொல்லி, எந்த மாதம், எந்த கிளினிக் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

7. போட்டோவும் விவரமும்

காலை வெயிலில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். சங்கிலியில்லாமல், காயம் ஆறிய பிறகு. பரிதாபமான பழைய போட்டோவைப் போட்டால் ஆயிரம் பேர் "ஐயோ பாவம்" என்பார்கள், வளர்க்க ஒருத்தரும் வர மாட்டார்கள். அரை நிமிட வீடியோ ஒன்று, பெல்ட் போட்டு நடப்பது, குழந்தையைப் பார்த்தால் என்ன செய்கிறது என்பது தெரிகிற மாதிரி.

நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஆண், சுமார் மூன்று வயது, நாட்டு நாய் கலப்பு. எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது, கருத்தடை முடிந்தது. மனிதர்களோடு நன்றாகப் பழகும். பூனையைக் கண்டால் துரத்தும். தனியாக விட்டால் ஒரு மணி நேரம் குரைக்கும். மொட்டை மாடியில் கட்டிவைக்கத் தர மாட்டேன். சேலம் மாவட்டத்துக்குள் முன்னுரிமை, வீட்டை வந்து பார்த்த பிறகே தருவேன்." குறையை மறைக்காதீர்கள். மறைத்த குறைதான் நாயைத் திரும்பக் கொண்டுவரும். "இலவசம்" என்ற வார்த்தையையும் போடாதீர்கள், அதைப் பார்த்து வருகிற கூட்டமே வேறு.

8. போனில் காது கொடுத்துக் கேளுங்கள்

சொந்த வீடா வாடகையா, பகலில் யார் இருப்பார்கள், இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா, அது என்ன ஆயிற்று, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா. இவ்வளவும் கேட்க வேண்டும், இதில் நான் அதிகம் நம்புவது "முந்தின நாய் என்ன ஆயிற்று" என்ற கேள்வியை. வயதாகி, கடைசி வரை பார்த்தோம் என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கிறவர் ஒரு ரகம். "அது எங்கயோ ஓடிப்போச்சுங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறவர் இன்னொரு ரகம்.

நம் ஊரில் அதிகம் வரும் அழைப்பு காவலுக்குத்தான். "சேகோ ஆலைக்கு ஒரு நாய் வேணுங்க", "மாந்தோப்புல கட்டிப்போடணும்", "தறிப்பட்டறைக்கு ராத்திரி காவலுக்கு". கேட்கிறவர் கெட்டவர் இல்லை, ஆனால் அங்கே ராத்திரி முழுக்க நாய் தனியாக இருக்கும், ஆள் மாறினால் சோறு வைக்க ஆளிருக்காது. வீட்டுக்குள் சோபாவுக்குக் கீழே தூங்கிப் பழகிய நாய்க்கு அது சிறை. "மன்னிச்சுக்குங்கண்ணா, இது வீட்டுக்குள்ள வளர்ந்த நாய், அதுக்கு அங்க ஒத்துவராது" என்று சொல்லிவிடுங்கள்.

"பேப்பர் இருக்கா?" (ஜாதி நாய் என்பதற்கான சான்றிதழ்), "பெட்டையா, குட்டி போட்டிருக்கா?" இந்த இரண்டையும் முதல் கேள்வியாகக் கேட்கிறவருக்கும் கொடுக்க வேண்டாம். பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், யாருக்குப் பரிசோ அவரைப் பேசச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் நீங்களே போனில் பேசிவிடுங்கள். "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பது பதில் ஆகாது, நாய்கள் திரும்பி வருவதற்கு முதல் காரணமே இதுதான்.

9. வீட்டைப் போய்ப் பாருங்கள்

போட்டோ, வீடியோ கால் எல்லாம் சரிதான், வெளியூர் என்றால் வேறு வழியில்லை. சேலத்துக்குள் என்றால் நேரில் போங்கள். கேட்டின் அடியில் நாய் நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கிறதா, மாடிக் கைப்பிடிச் சுவர் உயரமா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, தோட்டத்து வீடு என்றால் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். பூனைக்கு ஜன்னலில் வலை வேண்டும்.

ஒரு வீட்டில் ஹாலில் உட்காரவைத்துக் காபி கொடுத்து நன்றாகப் பேசினார்கள். கை கழுவப் பின்பக்கம் போனேன். சம்ப் ஓரத் தூணில் இரண்டு அடி நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த சங்கிலி, அதைச் சுற்றி சிமெண்டுத் தரை அரைவட்டமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. முந்தின நாய் அந்த அரைவட்டத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிந்திருக்கிறது. ஆகவே பின்பக்கத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போது போங்கள், வீட்டில் ஒரு பாட்டி முகத்தைச் சுளித்தால் அது முக்கியமான தகவல், பகலெல்லாம் நாயோடு இருக்கப்போவது அவர்தான்.

ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் இரவில் நாய் உள்ளே படுக்குமா என்று கேளுங்கள். காட்டெருமையைத் துரத்திக்கொண்டு போய் மிதிபட்டுச் சாகிற நாய்கள் உண்டு. வாரக்கடைசிக்கு மட்டும் வந்துபோகிற பங்களாக்காரருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

10. எழுதி வாங்க வேண்டியது

பத்திரத்தாள் எல்லாம் இல்லை, நான் வெள்ளைத்தாளில்தான் எழுதி வாங்குகிறேன். இரண்டு பிரதி. பிராணியின் வயது, நிறம், அடையாளம், போட்ட ஊசிகள். எடுப்பவரின் பெயர், முகவரி, இரண்டு போன் நம்பர். கீழே நிபந்தனைகள்: விற்கக் கூடாது, வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் என்னிடமே திருப்பித் தர வேண்டும், வருடாவருடம் ஊசி, மாதம் ஒரு போட்டோ. இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி. ஆதார் நகல் வாங்கும்போது முதல் எட்டு இலக்கங்களை அடித்துவிட்டே தரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பயமிருக்காது. ஆதார் தரவே தயங்கினால் வேறு அடையாள அட்டை கேளுங்கள். எதுவுமே தர மாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அசல் தடுப்பூசி அட்டை நாயோடு போக வேண்டும், அதன் போட்டோ உங்களிடம் இருக்க வேண்டும். எடுப்பவர் சென்னையில் இருந்தால் அங்கே மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கு வெறிநோய் ஊசிச் சான்று கேட்பார்கள்.

11. ஒப்படைக்கும் நாள்

அவர்கள் வந்து வாங்கிப்போவதைவிட நீங்கள் கொண்டுபோய் விடுவது நல்லது. காலை நேரம், அவர்களுக்கு இரண்டு நாள் லீவு இருக்கும்போது. தீபாவளி வாரத்திலும் ஆடிப் பண்டிகை வாரத்திலும் வேண்டாம். பெல்ட்டில் உங்கள் நம்பரும் அவர்கள் நம்பரும் எழுதிய வில்லை. அது படுத்துப் பழகிய துணி, மூன்று நாளைக்கு அதே சாப்பாடு. மூன்று வாரத்துக்கு வெளியே பெல்ட் இல்லாமல் விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். புது வீட்டிலிருந்து நாய் ஓடிப்போவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான், ஓடினால் அதற்குத் திரும்பி வர வழி தெரியாது.

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் நாய் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடும். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். மதிய வெயிலில் கிளம்பாதீர்கள்.

சென்னை, பெங்களூர் என்றால் கார்தான் சுலபம். ரயிலில் அனுப்ப முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஜங்ஷன் பார்சல் அலுவலகத்தில் பதிந்து ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் போக வேண்டும். கால்நடை டாக்டரிடம் பயணத்துக்கு ஓரிரு நாளுக்குள் வாங்கிய உடல்தகுதிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் வேண்டும். அந்தக் கூண்டில் கோடையில் நாயை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, காரில் பங்குபோட்டுப் போகிறவர்களைத் தேடுங்கள். தெரியாத டிரைவரிடம் தனியாக ஏற்றிவிடவும் வேண்டாம்.

12. கிளி, ஆமை கிடைத்தால்

இது வேறு விஷயம். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, வீட்டில் வைப்பதே குற்றம், யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள், குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கேட்டாலும் வழி சொல்வார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமையை, பெரிதாகிவிட்டது என்று மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு இனம் அது, ஏரியில் இருக்கும் நம்மூர் ஆமைக்கு இரையில்லாமல் செய்துவிடும்.

13. கொடுத்த பிறகு

முதல் நாள் இரவு போன் செய்யுங்கள். அடுத்த பத்து நாளில் ஒரு வீடியோ, ஒரு மாதம் கழித்து நேரில் ஒரு தடவை. முதல் சில நாள் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். இது எல்லா நாய்க்கும் நடப்பது, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயந்துபோய்த் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை, வாந்தி பேதி என்றால் மட்டும் டாக்டர்.

திருப்பித் தருகிறேன் என்று போன் வந்தால் காரணம் கேட்டு வாக்குவாதம் செய்துகொண்டிருக்காதீர்கள், "சரிங்கக்கா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அன்றைக்கே போய் அழைத்து வந்துவிடுங்கள். திட்டு வாங்குவோமோ என்று பயந்தால் அவர்கள் உங்களுக்குச் சொல்லாமலேயே எங்காவது விட்டுவிடுவார்கள். அழைத்து வந்ததும் ஆறாவது படி வரை உள்ளதை மறுபடி செய்ய வேண்டியதில்லை, ஊசியும் ஆபரேஷனும் முடிந்திருக்கும், விளம்பரத்தில் ஒரு வரி மட்டும் கூடும்: அந்த வீட்டில் எது ஒத்துவரவில்லை என்பது.

மூன்று மாதம் நன்றாகப் போனால் மைக்ரோசிப் பதிவிலும் கழுத்து வில்லையிலும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர்கள் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கிய தாளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், அந்த நாய் உயிரோடு இருக்கும் வரை.